பழைய மொபெட்டின் பின்சக்கரம்: பல்சக்கரமும் பிரேக்கும்

லூனா வந்தது 1972-ல், டிவிஎஸ் 50 வந்தது 1980-ல். இன்று இவற்றைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கிறவர்கள் பெயிண்டுக்கும் இன்ஜினுக்கும் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். ஆனால் பின்சக்கரத்தைக் கிடைத்த சாமானை வைத்து ஒப்பேற்றிவிடுகிறார்கள். வண்டியை ஓடவைப்பதும் நிறுத்துவதும் சக்கரத்தின் நடுக்குடமான அந்த ஒரே ஹப்தான். அங்கே ஒப்பேற்றல் கூடாது.

முதலில் பல் கணக்கு. இன்ஜின் பக்கம் 10 பல், சக்கரத்தில் 40 பல் என்று வைத்துக்கொள்வோம். முன்பல்சக்கரம் நாலு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். வேகம் நாலில் ஒன்றாகக் குறைய, இழுவிசை நாலு மடங்காகும். களக்காட்டுப் பக்கம் வாழைத்தார் ஏற்றுகிறவருக்கு இன்னும் இழுவை வேண்டுமென்றால் முன்னால் ஒரு பல்லைக் குறைப்பார்கள். அது பின்னால் நாலு பல்லைக் கூட்டியதற்குச் சமம். செலவு குறைவுதான், ஆனாலும் நான் பின்பல்லைக் கூட்டவே சொல்வேன். செயின் பல்சக்கரத்தின் மேல் வட்டமாகப் படிவதில்லை, பலகோணமாகத்தான் படிகிறது. 10 பல்லில் ஒவ்வொரு பல்லுக்கும் செயினின் வேகம் சுமார் 5 சதவீதம் ஏறி இறங்கும். 17 பல்லில் அது 2 சதவீதத்துக்கும் கீழே. பல் குறையக் குறைய அதிர்வும் தேய்மானமும் கூடும்.

செயினில் ஒரு பொறி இருக்கிறது. 420, 428 என்ற இரண்டு செயின் அளவுகளுக்கும் கண்ணி இடைவெளி அரை இஞ்ச், அதாவது 12.7 மி.மீ. என்பதால் மாற்றிப் போடலாம் என்று தோன்றும். ஆனால் 428-ன் அகலமும் அதிகம், ரோலரும் தடிமன். கலந்து போட்டால் பல் சீக்கிரம் போய்விடும்.

வேறு வண்டியின் பல்சக்கரத்தை மாட்டும்போது அதை மையத்தில் நிறுத்த வேண்டியது போல்ட் அல்ல, ஹப்பில் கடைந்த படி போன்ற மேடு. பல்சக்கரத்தின் நடுத்துளை அதைவிடப் பெரிதாக இருந்தால் லேத் பட்டறையில் சரியான அளவுக்கு வளையம் கடைந்து போட வேண்டும். மையம் விலகியிருந்தால், சக்கரத்தைக் கையால் சுற்றும்போது செயின் ஓரிடத்தில் இறுகும், எதிர்ப்பக்கத்தில் தொய்யும். தொய்வை அளப்பதும் அந்த இறுகிய இடத்தில்தான்.

அப்புறம் பிரேக். ஹப்போடு சுற்றும் டிரம்முக்குள் இரண்டு ஷூ, அதாவது பிரேக் கட்டைகள். ஷூக்களின் ஒரு முனை ஊன்றியிருக்கும். மறுமுனைகளுக்கு நடுவிலுள்ள கேம் என்ற திருகுகட்டை திரும்பி அவற்றை வெளியே தள்ளுகிறது. ஒரு ஷூவில் டிரம் கேம் முனையிலிருந்து ஊன்றுமுனையை நோக்கி உரசிப் போகும். அந்த உராய்வே ஷூவை இன்னும் டிரம்மோடு அழுத்துவதால், நாம் கொடுத்த பலத்தைவிடக் கூடுதலாகப் பிடிக்கும். இன்னொரு ஷூவில் அதே உராய்வு எதிராக வேலைசெய்கிறது.

ஷூ டிரம்மைப் பிடிக்கும்போது டிரம்மும் ஷூவைச் சுற்றப் பார்க்கும். அந்த முறுக்கு முழுக்க ஷூவைத் தாங்கும் தட்டுக்கு வரும். தட்டு சுழலாமல் ஃபிரேமோடு பிடித்து நிறுத்துவது ஒரு சின்ன முனை அல்லது கை. ஆளும் வண்டியுமாக 150 கிலோ. பின்பிரேக் மட்டும் நொடிக்கு நொடி 3 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கிறது. டயரின் ஆரம் 27 செ.மீ. என்று கொள்ளுங்கள். அச்சிலிருந்து 6 செ.மீ. தள்ளியிருக்கும் முனையின் மேல் விழும் விசை ஏறக்குறைய 200 கிலோ எடைக்குச் சமம். அந்த முனைக்குப் பதிலாக இரண்டு பொட்டு வெல்டிங் வைத்து ஒப்பேற்றிய பட்டை அதைத் தாங்குமா? மணிமுத்தாறு மலைப்பாதையில் இறங்கும்போது பட்டை பிய்ந்தால் தட்டு சுழன்று பிரேக் கம்பியையும் சுற்றி இழுக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளலாம், பிரேக்கே இல்லாமலும் போகலாம். அதனால் கை நீளமாக இருப்பது நல்லது: 6 செ.மீ. இருந்த இடத்தில் 18 செ.மீ. என்றால் விசை மூன்றில் ஒன்று. போல்ட் தளராதபடி பூட்டு நட்டும் போட வேண்டும்.

திசையன்விளைப் பக்கம் ஓடுகிற வண்டி என்றால் அங்குள்ள தேரி என்ற செம்மணல் மேட்டு மணலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எண்ணெயில் ஒட்டிய மணல் கண்ணியின் பின்னை அரைக்கும், செயின் நீளும். 100 கண்ணிச் செயின் 2 சதவீதம் நீண்டால் ஓர் இஞ்ச் கூடிவிடும். ரோலர்கள் பல்லின் மேலே ஏறி ஓடத் தொடங்கும். அந்த நிலையில் செயினை மட்டும் மாற்றுவது வீண். இரண்டு பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுச் செயினைப் பூட்டும்போது இணைப்புக் கண்ணியைப் பூட்டும் லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது இடறிக் கழன்றுவிடும்.