வீப் ஹோல் (தடுப்புச் சுவரில் நீர் வடிய விடும் ஓட்டை) காய்ந்திருந்தால் மேடு பத்திரமா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மனையைச் சமப்படுத்தும்போது பின்பக்க மேட்டைப் பொக்லைனில் செங்குத்தாக வெட்டிவிடுகிறார்கள். "மாசியில வெட்டுனது சார், ஒரு கட்டிகூட உதிரல, கெட்டி மண்ணு" என்பார் வீட்டுக்காரர். அந்தக் கெட்டியில் பாதி மண்ணுடையது அல்ல, மண்ணுக்குள் இருக்கும் கொஞ்ச ஈரத்துடையது.

கடற்கரையில் ஈர மணலில்தான் வீடு கட்ட முடியும்; காய்ந்த மணலிலும் முடியாது, நீரில் மூழ்கிய மணலிலும் முடியாது. துகள்களுக்கு நடுவே நிற்கும் நீர் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. இதுதான் நுண்புழை இழுவிசை. துளை சிறுக்கச் சிறுக்க இழுப்பு கூடும். 1 மி.மீ. குழாயில் தண்ணீர் சுமார் 3 செ.மீ. ஏறும், 0.01 மி.மீ. துளையில், கணக்குப்படி 3 மீட்டர். மழை இறங்கித் துளைகள் நிரம்பினால் இந்தப் பிடி விட்டுப்போகும். கோடை முழுக்க நின்ற மேடு ஐப்பசியில் சரிவது இதனால்தான். 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. கொட்டியது, அந்த மழையின் மண்சரிவுகளில் மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மண் ஒரே சீராக இருந்தால் கணக்கு சுலபம். நம் மலையிலோ மேலே சிவப்புக் களிமண், கீழே மக்கிய சார்னோகைட் பாறை, நடுவில் ஆங்காங்கே சரளை. சரளை வந்தால் தண்ணீர் சட்டென்று வடிந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. களிமண்ணின் நுண்துளைகள் பிடித்து வைத்திருக்கும் நீரை இழுக்கச் சரளையின் பெரிய துளைகளுக்குத் தெம்பு கிடையாது. மேல்மண் ஏறக்குறைய முழுக்க நிரம்பும்வரை நீர் கீழே தாண்டாமல், சரிவில் அந்த எல்லையை ஒட்டியே பக்கவாட்டில் நகர்ந்து தாழ்வான ஓரிடத்தில் சேரும். (இதே குணம் வீட்டுத் தரைக்கடியில் வரம்: அங்கே ஜல்லி பரப்பினால் ஈரம் மேலேறாது.)

தடுப்புச் சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி வீப் ஹோல் வைத்தாலும் இதே கதைதான். ஓட்டையில் நீர் சொட்ட வேண்டுமானால் பின்னாலிருக்கும் மண் முதலில் நிரம்பியாக வேண்டும்; அதற்குள் பிடியில் பெரும்பகுதி போயிருக்கும். மண்ணுக்கும் ஜல்லிக்கும் இடையே வடிகட்டித் துணி போடாத சுவரில் களிமண் அடைத்துக்கொண்டு, நிரம்பிய பிறகும் ஓட்டை காய்ந்தே கிடக்கும். அதனால் மழைக்காலத்தில் காய்ந்த வீப் ஹோலைப் பார்த்து நான் நிம்மதி அடைவதில்லை.

போகிற வீட்டில் முதலில் கேட்பது, குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது என்றுதான். உறிஞ்சுகுழி மேட்டின் உச்சியில் இருந்தால், வெயில் காலத்திலேயே பிடி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். குழியை அங்கிருந்து மாற்றுங்கள். கூரைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி வடிகாலில் விடுங்கள். புரட்டாசிக்குள் மேட்டின் உச்சியில் பிளவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் களிமண் திணித்து இடித்து, மேலே தார்ப்பாய் போடுங்கள். மழையில் அந்தப் பிளவு அகலமானால் அன்றிரவு யாரும் பின்னறையில் படுக்க வேண்டாம்.