டைல்ஸ், கல், கண்ணாடி: ஓட்டை போடும் முன் எந்த டைமண்ட் பிட் என்று பாருங்கள்

சென்னை பாரிமுனையிலோ மண்ணடியிலோ ஒரு டூல்ஸ் கடைக்குப் போய் “டைமண்ட் பிட் ஒண்ணு கொடுங்கண்ணே” என்று கேட்டால், “எத்தனை எம்.எம்.?” என்றுதான் முதலில் கேட்பார்கள். “எதுல ஓட்டை போடப்போறீங்க?” என்று கேட்கிற கடைக்காரர் குறைவு. அளவு சரியாக இருந்தும் டைல்ஸ் விரிகிறது, மூன்றாவது ஓட்டையிலேயே பிட் மொட்டையாகிறது, கண்ணாடியின் ஓரம் சிதறுகிறது என்றால், பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்காததுதான் காரணம்.

மரத்துக்கும் இரும்புக்கும் போடுகிற பிட்டுக்கு வெட்டுமுனை உண்டு; சீவி எடுத்துக்கொண்டே இறங்கும். கான்கிரீட் பிட், ஹேமர் அடியில் கல்லை நொறுக்கிக்கொண்டு போகும். டைமண்ட் பிட் இரண்டையும் செய்யாது. அது ஒரு சின்னக் குழாய், அவ்வளவுதான். அதன் வாய் விளிம்பில் வைரத் துகள் பதித்திருக்கும். அம்மியில் மிளகாய் அரைபடுவதுபோலக் கல் அரைபட்டு மாவாகிறது. அரைத்தால் சூடு வரும். அந்தச் சூட்டைத் தண்ணீர் எடுத்துப் போகாவிட்டால் துகளைப் பிடித்திருக்கும் உலோகம் முதலில் தளரும். சூடு ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வைரமே காற்றில் கரியத் தொடங்கும். மெஷினில் சுத்தியல் படம் போட்ட பக்கம் லீவர் இருந்தால், முதல் அடியிலேயே துகள் உதிரும், டைல்ஸும் விரியும். டைமண்ட் பிட் மாட்டியிருக்கும்போது ஹேமர் மோடு கூடவே கூடாது.

கடையில் மூன்று வகை கிடைக்கும். பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அட்டையில் பத்துப் பதினைந்து அளவுகள் செட்டாகத் தொங்குமே, அது எலக்ட்ரோபிளேட்டட். விளிம்பில் சர்க்கரை தூவி ஒட்டியதுபோல, வெள்ளி நிறத்தில் மெல்லிசாக ஒரே அடுக்குத் துகள். நிக்கல் முலாம்தான் அதைப் பிடித்திருக்கிறது. அந்த ஓர் அடுக்கு தேய்ந்தால் பிட்டின் ஆயுள் முடிந்தது. விலை குறைவு. கண்ணாடி, செராமிக் சுவர் டைல்ஸ், மார்பிள், கடப்பா கல் வரைக்கும் நன்றாகவே வேலை செய்யும். கிரானைட்டிலும், தண்ணீர் உறிஞ்சாத இறுக்கமான விட்ரிஃபைடு டைல்ஸிலும் போட்டால் விரல்விட்டு எண்ணும் ஓட்டைகளோடு சரி. “டைமண்ட் பிட்டே ஏமாத்து வேலை” என்று சொல்கிறவர்கள் அநேகமாக இதைத்தான் விட்ரிஃபைடில் போட்டிருப்பார்கள்.

இரண்டாவது வேக்யூம் பிரேஸ்டு. துகள் பெரிதாக, தடவினால் சொரசொரவென்று கையில் குத்தும். வெற்றிட உலையில் உருக்கி ஒட்டியது என்பதால் பிடிப்பு வலுவாக இருக்கும். குழாய்க்குள் மெழுகு அடைத்திருந்தால் அது தண்ணீர் இல்லாமலும் ஓட்டக்கூடிய வகை. சூட்டில் மெழுகு உருகிக் குளிர்விக்கும். விட்ரிஃபைடு, கிரானைட், குவார்ட்ஸ் ஸ்லாப் மூன்றுக்கும் இதுதான் சரி. கல் அறுக்கும் ஆங்கிள் கிரைண்டரில் மாட்டும் மாடலானால் திருகைப் பார்த்து வாங்குங்கள். நம் ஊரில் புழங்கும் 4 இஞ்ச் கிரைண்டர்களில் பெரும்பாலும் எம்10 (10 எம்.எம்.) திருகு. 5 இஞ்சில் எம்14. எம்14 பிட்டை வாங்கி வந்து 4 இஞ்ச் மெஷினில் மாட்ட முடியாமல் மறுபடி பஸ் ஏறுவது சாதாரணமாக நடக்கிறது.

மூன்றாவது சின்டர்டு. உலோகப் பொடியோடு வைரத்தைக் கலந்து அழுத்திச் சுட்டது. விளிம்பில் தடித்த, சாம்பல் நிறப் பட்டை தெரியும். மேல் அடுக்கு தேயத் தேய அடியிலிருந்து புதுத் துகள் வெளிவரும் என்பதால் ஆயுள் மிக அதிகம். ஆனால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தாக வேண்டும். தினமும் கிரானைட், கண்ணாடி அறுக்கிற பட்டறைக்கு இது லாபம். வீட்டில் நாலு ஓட்டைக்குத் தேவையில்லை. சில சமயம் இது வெட்டாமல் வழுக்கும். துகளின் மேல் உலோகம் பூசினதுபோல் மூடிக்கொண்டது என்று அர்த்தம். ஒரு செங்கல் துண்டில் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை ஓட்டினால் வாய் திறந்துகொள்ளும். எலக்ட்ரோபிளேட்டட் பிட்டில் இந்த வேலை செய்தால் இருக்கிற துகளும் போய்விடும்.

ஈட்டி முனை கொண்ட கார்பைடு பிட் ஒன்றும் உண்டு. கண்ணாடிக்கும் மிருதுவான செராமிக் டைல்ஸுக்கும் சின்ன ஓட்டைக்குப் போதும். விட்ரிஃபைடில் முனை சிவந்து மழுங்கும்.

சுவரில் இருப்பது செராமிக்கா விட்ரிஃபைடா?

பரணில் மீந்துபோன டைல்ஸ் ஒன்று கிடக்கும், எடுத்துப் பின்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் செராமிக். சொட்டு அப்படியே நின்றால் விட்ரிஃபைடு. அது உறிஞ்சும் தண்ணீர் எடையில் 0.5 சதவீதத்துக்குள்தான். இறுக்கமும் அதே அளவுக்கு அதிகம். கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் மார்பிள் 3, கண்ணாடி ஐந்தரை, கிரானைட் 6 முதல் 7, நல்ல விட்ரிஃபைடு 7ஐ ஒட்டி. கறுப்பாகப் பாலிஷோடு இருப்பதால் கடப்பா கல்லைக் கிரானைட் என்று நினைத்துவிடுகிறார்கள். அது சுண்ணாம்புக்கல், பிட் சுலபமாக இறங்கும், ஆனால் அடுக்கு அடுக்காகப் பெயரும். ஓட்டையின் அடிப்பக்கத்தில் பலகை முட்டுக் கொடுக்காவிட்டால் ரூபாய் நாணயம் அளவுக்குப் பக்கு பெயர்ந்து விழும்.

வேகம் விஷயத்தில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். வேகமாகச் சுற்றினால் சீக்கிரம் முடியும் என்று நினைத்து டிரிக்கரை முழுக்க அழுத்துகிறார்கள். பார்க்க வேண்டியது விளிம்பு ஓடும் வேகம். 6 எம்.எம். பிட் 1,500 சுற்றில் எவ்வளவு ஓடுமோ, அதே ஓட்டம் 18 எம்.எம். பிட்டுக்கு 500 சுற்றிலேயே வந்துவிடும். கை டிரில்லில் 6 எம்.எம்.க்கு 1,000 முதல் 1,500, 20–25 எம்.எம்.க்கு 500 முதல் 800, 35க்கு 400 முதல் 500, 50க்கு மேல் 300 சுற்று என்று வைத்துக்கொண்டால் பிட் பிழைக்கும். கண்ணாடியானாலும் கிரானைட்டானாலும் சந்தேகம் வந்தால் குறைவான பக்கமே போங்கள். சாதாரண 13 எம்.எம். டிரில் முழு வேகத்தில் 2,800, 3,000 சுற்று போகும் என்பதை மறக்க வேண்டாம். கிரைண்டர் 11,000, அதில் அதற்கென்றே செய்த பிரேஸ்டு பிட்டைத் தவிர வேறு எதையும் மாட்டக் கூடாது. அதையும் ஒரே இடத்தில் ஊன்றாமல், மெஷினை மெல்ல வட்டமாகச் சுழற்றிக்கொண்டே, ஐந்தாறு விநாடிக்கு ஒரு தரம் வெளியே எடுத்து ஓட்ட வேண்டும்.

கிரானைட் மேடையில் 35 எம்.எம். குழாய் ஓட்டை

சிங்க் குழாய்க்கு வேண்டியது 35 எம்.எம். மேடைக் கல் 16 முதல் 20 எம்.எம். கனம் இருக்கும். முதலில் கீழே குனிந்து பாருங்கள்: ஓட்டை வருகிற இடத்துக்கு அடியில் தாங்கு சுவரோ இரும்பு ஆங்கிளோ இருக்கிறதா? இரும்பில் டைமண்ட் பிட் படவே கூடாது. சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்போடு சேர்ந்து கரைந்துபோகும்.

பெரிய பிட்டுக்கு நடுமுனை கிடையாது. பாலிஷ் மேல் வைத்தால் வழுக்கி ஓடிக் கோடு இழுத்துவிடும். 12 எம்.எம். பிளைவுட் துண்டு ஒன்றில் அதே அளவில் ஓட்டை போட்டு, இரட்டைப் பக்க டேப்பால் மேடையில் ஒட்டினால் பிட் அந்தக் கூண்டுக்குள்ளேயே நிற்கும். சின்ன பிட்டானால் பலகை வேண்டாம். 45 டிகிரி சாய்த்து, பிறை நிலா மாதிரி ஒரு கீறல் விழுந்ததும் மெல்ல நிமிர்த்தினால் போதும்.

கூண்டுப் பலகையைச் சுற்றிப் பிசைந்த மைதா மாவால் ஒரு விரல் உயரத்துக்கு வரப்பு கட்டித் தண்ணீர் நிரப்புங்கள். கீழே ஆள் ஒருவர் மரப்பலகையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், அல்லது முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். மெஷினை மெதுவாக ஓடவிட்டு, அதன் எடையோடு கொஞ்சம் கை அழுத்தம் மட்டும். அரைபடும் சத்தம் ஒரே சீராக இருக்கணும். மோட்டார் முனகினால் அழுத்தம் அதிகம், ‘கீச்’ என்று கத்தினால் தண்ணீர் போய்ச் சேரவில்லை. பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை பிட்டை ஒரு நூல் மேலே தூக்குங்கள். சேறு வெளியே வந்து புதுத் தண்ணீர் உள்ளே போகும். அந்தச் சேறு பால் மாதிரி ஓட வேண்டும். பசை மாதிரி கெட்டியானால் நிறுத்தி, கழுவி, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். வரப்புத் தண்ணீர் திடீரென்று இறங்க ஆரம்பித்தால் அடிப்பக்கம் திறந்துவிட்டது. கடைசி ஓரிரு எம்.எம். அழுத்தமே இல்லாமல் போக வேண்டும். பக்கு பெயர்வது அந்த இடத்தில்தான். அறுந்த வட்டக் கல் குழாய்க்குள் சிக்கிக்கொள்ளும். பக்கவாட்டுத் துளை வழியாக ஆணி விட்டுத் தள்ளுங்கள், சுத்தியலால் பிட்டைத் தட்ட வேண்டாம். பிட்டின் வாய் கோணினால் அடுத்த ஓட்டை வட்டமாக வராது.

கண்ணாடி

டஃப்பன்டு கண்ணாடியில், அதாவது சூளையில் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கியதில், ஓட்டை போடவே முடியாது. எந்த பிட்டாக இருந்தாலும் முழுப் பலகையும் பொடிப்பொடியாக உதிரும். மூலையில் சின்னதாக முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லை என்பதால் டஃப்பன்டு இல்லை என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஷவர் தடுப்பு, கண்ணாடிக் கதவு, டீப்பாய் மேல்தட்டு எல்லாம் அநேகமாக டஃப்பன்டுதான். இவற்றில் ஓட்டை வேண்டுமானால் சூளைக்குப் போகும் முன்பே போட்டு வாங்க வேண்டும்.

சாதாரணக் கண்ணாடிக்கு ஒரு கணக்கு உண்டு. ஓட்டையின் விட்டம் கண்ணாடியின் கனத்துக்குக் குறையக் கூடாது. ஓட்டைக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் இடையே கனத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும்; மூலையிலிருந்து ஆறு மடங்கு. 6 எம்.எம். கண்ணாடி என்றால் ஓரத்திலிருந்து 12, மூலையிலிருந்து 36 எம்.எம். கையால் போடுவதானால் இன்னும் தள்ளிப் போடுவதே நல்லது. பாதி ஒரு பக்கம், திருப்பிப் போட்டு மீதி மறுபக்கம் என்று இறக்கினால் இரண்டு முகமும் சுத்தமாக வரும். கண்ணாடி வெட்டும் வைரக்கோலுக்கு மண்ணெண்ணெய் தொடுவது பழைய வழக்கம். பொறி பறக்கும் மின்சார டிரில்லுக்குப் பக்கத்தில் அது வேண்டாம், தண்ணீரே போதும். முகம் பார்க்கும் கண்ணாடியானால் வேலை முடிந்த உடனே பின்பக்க ரச ஓரத்தைத் துடைத்து உலர்த்துங்கள். ஒட்டுவதற்கு வினிகர் நெடி அடிக்கிற சிலிக்கான் ஆகாது, ரசத்தை அரித்துவிடும். நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். ஸ்க்ரூவுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ரப்பர் புஷ் இல்லாமல் முடுக்கினால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு வாரத்தில் விரியும்.

டைல்ஸ் தாண்டிய பிறகு

டைல்ஸ் வரைக்கும்தான் டைமண்ட் பிட். உள்ளே செங்கல் வந்ததும் கான்கிரீட் பிட்டுக்கு மாறுங்கள். 6 எம்.எம். பிளாஸ்டிக் ப்ளக் போடுவதானால் டைல்ஸில் 8 எம்.எம்., செங்கலில் 6 எம்.எம். என்று போடுவதே சரியான முறை. இரண்டும் ஒரே அளவானால் கான்கிரீட் பிட் துள்ளும்போது டைல்ஸ் ஓரத்தில் அடிக்கும். ப்ளக் முழுவதும் டைல்ஸைத் தாண்டி உள்ளே போய்விட வேண்டும். டைல்ஸ் கனத்துக்குள்ளேயே அது விரிந்தால் ஸ்க்ரூ முடுக்க முடுக்க டைல்ஸ் இரண்டாகப் பிளக்கும். தொடங்கும் முன் டைல்ஸை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். பொக்கையாகக் கேட்டால் பின்னால் பசை நிரம்பவில்லை, அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போடுங்கள். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டையின் சுண்ணாம்புக் காரைச் சுவர்களில் சின்ன ப்ளக் பிடிப்பதில்லை. நீளமான ப்ளக் போட்டு, காரை இணைப்பை விட்டுச் செங்கல் நடுவில் இறக்க வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் உப்புக் காற்றுக்கு முலாம் ஸ்க்ரூ துருப்பிடித்து டைல்ஸில் செந்நிறமாக வழியும். 304 அல்லது 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ வாங்குங்கள்.

குழாய்க்கும் ஸ்விட்ச்சுக்கும் நேர் மேலேயும் கீழேயும் சுவருக்குள் பைப்போ வயரோ ஓடும். அந்த நேர்கோட்டில் ஓட்டை போடாதீர்கள். தண்ணீரும் மின்சாரமும் ஒரே கையில் இருக்கிற வேலை இது: முடிந்தால் பேட்டரி டிரில். பிளக்கில் போடும் மெஷினானால் மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ள லைனில் மட்டும். சுவர் ஓட்டைக்குத் தண்ணீரைப் பாட்டிலால் மேலிருந்து ஊற்றக் கூடாது. மூடியில் சின்னத் துளை போட்ட பாட்டிலால் பக்கவாட்டில் பீய்ச்சி, கீழே ஸ்பாஞ்ச் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் பிட்டுக்காக மட்டும் இல்லை. கிரானைட், விட்ரிஃபைடு தூளில் சிலிக்கா இருக்கிறது. குவார்ட்ஸ் ஸ்லாப்பில் 90 சதவீதம் வரைக்கும், சிலவற்றில் அதற்கு மேலும். நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் என்ற நோய். வந்தால் குணப்படுத்த மருந்து இல்லை. இதனாலேயே ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் குவார்ட்ஸ் ஸ்லாப் போன்ற செயற்கைக் கல்லுக்குத் தடை போட்டது. தண்ணீர் விடாமல் ஓட்டுகிற ஆள் கைக்குட்டை கட்டிக்கொண்டு நின்றால் அது தூளைத் தடுக்காது. குறைந்தது என்95 மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. வீட்டுக்கு வேலைக்கு வருகிறவரிடம் இல்லாவிட்டால் நீங்கள் வாங்கிக் கொடுங்கள். சேற்றைக் காயவிட்டுக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

வேலை முடிந்ததும் பிட்டை நல்ல தண்ணீரில் அலசுங்கள். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கத்து உப்பு போர் தண்ணீரில் அலசி அப்படியே வைத்தால் தண்டு துருவேறி அடுத்த முறை டிரில்லின் சக்கில், அதாவது பிட்டைப் பிடிக்கும் வாயில், நேராக நிற்காது. துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, பெட்டியில் வையுங்கள். அடுத்த தடவை மாட்டும் முன் விளிம்பை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சொரசொரப்பு இல்லாமல் நகம் வழுக்கினாலும், எங்காவது மஞ்சளோ நீலமோ பாய்ந்து வெந்த நிறம் தெரிந்தாலும் அந்த எலக்ட்ரோபிளேட்டட் பிட்டை ஒதுக்கிவிடுங்கள்.