ஓராண்டு கழித்தும் அதே படம் கிடைக்குமா?

சிகிச்சைக்கு எடுக்கும் ஸ்கேன் அன்றைக்குத் தெளிவாக இருந்தால் போதும். ஆராய்ச்சிக்குப் போதாது. அதே நோயாளியை ஓராண்டு கழித்து எடுக்கும்போதும் கருவியும் அமைப்புகளும் மாறாமல் இருக்க வேண்டும். வளரும் நாடுகளில் மருத்துவப் படிம ஆய்வுகள் இடறும் இடம் இதுதான். கருவி வாங்கப் பணமில்லை என்பது அதற்கும் முந்தைய சிக்கல்.

1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் ஒரு நியோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருள். வழக்கமான வடிவமைப்பில் அது ஆயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட திரவ ஹீலியத்தில், −269 டிகிரி செல்சியஸில் மூழ்கியிருக்கும். ஆவியாகும் ஹீலியத்தை மீண்டும் திரவமாக்கும் குளிர்விப்பான், ஸ்கேன் எடுக்காத இரவிலும் ஓடியாக வேண்டும். மின்சாரம் போனால் காந்தப்புலம் உடனே மறைவதில்லை. ஹீலியம்தான் மெல்லக் கரைகிறது. ஜெனரேட்டர் கணினிகளுக்கு மட்டும் மின்சாரம் தந்து, குளிர்விப்பானின் கம்ப்ரசரையும் அதற்குக் குளிர்நீர் தரும் சில்லரையும் விட்டுவிட்டால் இழப்பு தொடரும். மட்டம் மிகவும் தாழ்ந்தால் கம்பி மீக்கடத்தும் தன்மையை, அதாவது தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் தன்மையை, இழந்து சூடாகும். மிச்ச ஹீலியமும் கொதித்து, சுமார் 700 மடங்கு விரிந்து வெளியேறும். இதுதான் 'குவென்ச்'. வெளியேற்றுக் குழாய் அடைபட்டிருந்தால் அறையில் இருப்பவர் மூச்சுத் திணறிச் சாகவும் கூடும். மறுபடி ஹீலியம் நிரப்பி, சுருளில் மின்னோட்டத்தை ஏற்றி, புலத்தைச் சீராக்கும் வரை ஆய்வு நிற்கும்.

கருவி ஓடினாலும் தரவு கெடலாம். சி.டி. படத்தில் பொதுவாக 12 பிட், அதாவது 4,096 சாம்பல் நிலைகள். வெட்டுத் தடிமன், எக்ஸ்-ரே குழாய் மின்னழுத்தம், பிக்சல் அளவு எல்லாம் மருத்துவப் படங்களுக்கான டைகாம் கோப்பிலேயே இருக்கும். ஃபிலிமைக் கைபேசியில் பிடித்து ஜேபெக்காக அனுப்பினால் மிஞ்சுவது 256 நிலைகள் மட்டுமே. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கட்டியின் பருமனைக் கணக்கிட உதவாது. அனுப்புகிறவரைக் குறை சொல்லவும் முடியாது: 512×512 பிக்சலில் 1,000 வெட்டுகள், சுருக்காமல் 500 எம்.பி.க்கு மேல்.

எம்.ஆர்.ஐ.க்கு மலிவான காவல் ஒன்று உண்டு: காப்பர் சல்பேட் கலந்த நீர் நிரப்பிய பிளாஸ்டிக் குடுவை. வாரம் ஒருமுறை, ஒரே காயிலில் (சிக்னலை வாங்கும் சுருள்), ஒரே அமைப்பில் அதை ஸ்கேன் செய்து சிக்னல்-இரைச்சல் விகிதத்தைக் குறித்து வர வேண்டும். எண் சரிந்தால் கோளாறு கருவியில், நோயாளியின் மூளையில் அல்ல.

ஹீலியமே வேண்டாம் என்ற வழியும் இருக்கிறது. 2022-இல் உகாண்டாவின் ம்பராரா பல்கலைக்கழகத்தில், நெதர்லாந்தின் லைடன் குழுவுடன் சேர்ந்து, சுமார் 50 மில்லிடெஸ்லா கருவி ஒன்று அங்கேயே பாகங்களைப் பொருத்தி அமைக்கப்பட்டது. அதில் இருப்பவை குளிர்விக்கத் தேவையில்லாத நியோடிமியம் நிலைக்காந்தங்கள். சிக்னல் மிகப் பலவீனம் என்பது தெரிந்ததே. அதிகம் பேசப்படாதது வெப்பநிலை: ஒரு டிகிரி ஏறினால் புலம் ஏறத்தாழ 0.1 சதவீதம் குறையும். கருவி சிக்னலை வாங்கும் அதிர்வெண்ணான 2.1 மெகாஹெர்ட்ஸில் அது 2 கிலோஹெர்ட்ஸ் விலகல். ஏ.சி. இல்லாத அறையில், ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்பும் அதிர்வெண்ணைத் திரும்பப் பிடித்தாக வேண்டும்.