ஒரே ஒரு ஃபிரேமில் வெடிக்கும் துப்பாக்கி

படப்பிடிப்பில் நிஜத் துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா (குண்டு இல்லாமல் வெடிமருந்து மட்டும் உள்ளது) போட்டுச் சுட்டாலும், குழல் முனையில் வரும் தீ சில சமயம் கேமராவில் பதிவாகாது. சத்தம் கேட்கும், புகை தெரியும், தீயை மட்டும் காணோம். அந்தத் தீயின் ஆயுள் சில மில்லிவினாடிகள்தான். வினாடிக்கு 24 ஃபிரேம் எடுக்கும் சினிமா கேமரா, வழக்கமாக ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 1/48 வினாடி மட்டுமே ஒளியை உள்ளே விடும். மீதிப் பாதி நேரம் அது எதையும் பார்ப்பதில்லை. அந்தப் பாதியில் தீ வந்து போனால் போனதுதான். பதிவானாலும் பெரும்பாலும் ஒரே ஃபிரேமில்தான் இருக்கும்.

கையில் காசில்லாமல் ஆக்‌ஷன் குறும்படம் எடுப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. ஒரு குண்டுக்குக் கணினியில் ஒட்ட வேண்டியது ஒரு ஃபிரேம் தீ மட்டும். புதிதாகச் செய்பவர்கள் அந்தத் தீயை மூன்று நான்கு ஃபிரேம் நிறுத்திவைக்கிறார்கள். உடனே அது துப்பாக்கி மாதிரி இல்லாமல் கேஸ் லைட்டர் மாதிரி ஆகிவிடுகிறது.

தீயைக் கணினியில் ஒட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பணத்தைவிடப் பெரியது. 1993-இல் அமெரிக்காவின் வில்மிங்டன் நகரில் நடிகர் பிராண்டன் லீ படப்பிடிப்பிலேயே இறந்தார். முன்பு எடுத்த ஒரு காட்சியில் பயன்படுத்திய, பார்க்க நிஜம் போலிருக்கும் போலித் தோட்டாவின் முனை குழலுக்குள் சிக்கியிருந்தது. பிறகு வெற்றுத் தோட்டாவைச் சுட்டபோது, அதன் வெடிமருந்து அந்த முனையை நிஜக் குண்டாகவே வெளியே தள்ளிவிட்டது. அனுபவசாலிகள் இருந்த படப்பிடிப்பு அது. நண்பர்கள் சேர்ந்து எடுக்கும் படத்தில் பொம்மைத் துப்பாக்கியைத் தவிர வேறெதுவும் வேண்டாம். தெருவில் எடுப்பதானால் அக்கம்பக்கத்தாரிடமும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரி, தீயை எப்படி ஒட்டுவது? கருப்புப் பின்னணியில் எடுத்த தீயின் வீடியோ இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். பின்னணி ஏன் கருப்பு? ஒளியோடு ஒளி சேர்ந்தால் கூடும். கருப்பு என்றால் பூஜ்யம், எதோடு கூட்டினாலும் மாற்றம் இல்லை. ஆகவே தீயை வெட்டி எடுக்கவே தேவையில்லை. இரண்டு படங்களையும் கூட்டினால் கருப்பு தானாக மறைந்து தீ மட்டும் நிற்கும்.

ஆனால் கூட்டுவதில் ஒரு சிக்கல். வீடியோவில் ஒரு புள்ளியின் மதிப்பு 0 முதல் 255 வரை. 128 என்பது பாதி வெளிச்சம் என்று நினைப்போம். உண்மையில் அது முழு வெளிச்சத்தில் ஏறக்குறைய 22 சதவீதம்தான், ஏனென்றால் நம் கண்ணுக்கு ஏற்றபடி மதிப்புகளை வளைத்துச் சேமிக்கிறார்கள். 128-ஐயும் 128-ஐயும் நேராகக் கூட்டினால் வெள்ளையாக வெளுத்துவிடும். வளைவை நீக்கி, ஒளியாகக் கூட்டி, மறுபடி வளைத்தால் சுமார் 176 வரும். எடிட்டிங் மென்பொருள்களில் இருக்கும் ‘ஸ்க்ரீன்’ என்ற கலப்பு முறை, இரண்டு மதிப்புகளையும் தலைகீழாக்கிப் பெருக்கி, மறுபடி தலைகீழாக்கும். அதில் 192 வரும். துல்லியம் இல்லை, ஆனாலும் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் எல்லோரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். கரும்புகைக்கு மட்டும் இது உதவாது. தீ ஒளியைக் கூட்டும், புகை பின்னால் இருப்பதை மறைக்கும். கூட்டிக்கொண்டே போனால் எதுவும் கருப்பாகாது.

இவ்வளவு செய்தும் தீ ஒட்டவைத்த ஸ்டிக்கர் போலத் தெரிந்தால், குறை பெரும்பாலும் தீயில் இருக்காது. அது சுற்றிலும் வெளிச்சம் அடிக்கவில்லை. இருட்டு அறையில் சுட்டால் சுடுபவரின் முகம், கை, பக்கத்துச் சுவர் எல்லாம் அந்த ஒரு ஃபிரேமில் பளிச்சென்று ஆக வேண்டும். தூரம் நான்கு மடங்கானால் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்காகும் என்ற பழைய விதி இங்கே கைகொடுக்கும்: கை நன்றாக வெளுக்க வேண்டும், முகம் ஓரளவு, பின்சுவர் லேசாக. அந்தந்த இடத்தைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து ஒரு ஃபிரேமுக்கு மட்டும் வெளிச்சத்தை ஏற்றினால் போதும். என்னைக் கேட்டால், தீக்குச் செலவிடும் நேரத்தைப் போல இரு மடங்கு இதற்குச் செலவிடலாம். படப்பிடிப்பிலேயே எல்இடி விளக்கை மின்னவைப்பது இன்னும் நல்லது. ஸ்டில் கேமரா ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். போன் கேமராக்கள் படத்தை மேலிருந்து கீழே வரிவரியாகப் படிக்கின்றன, அந்தக் குட்டி மின்னல் ஃபிரேமில் ஒரு பட்டையில் மட்டும் விழும்.

எனக்கு மிகவும் பிடித்தது குண்டுபட்டுச் சுவர் தெறிக்கும் காட்சி. இந்தத் தூசியைக் கணினியில் உருவாக்க வேண்டாம், கொஞ்சம் பௌதிகம் போதும். எந்தப் பொருளும் விழும் நேரம், விழும் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இன்றைய போன்கள் பலவும் வினாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும். அதை 24 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் எல்லாம் பத்து மடங்கு மெதுவாகும், பார்ப்பவர் கண்ணுக்கு அது நூறு மடங்கு பெரிதாகத் தோன்றும். 120-இல் எடுத்தால் ஐந்து மடங்கு மெதுவு, இருபத்தைந்து மடங்கு பெரிது. பத்து சென்டிமீட்டர் எழும்பிய தூசி இரண்டரை மீட்டர் எழும்பியது போல விழும். கருப்புத் துணியைப் பின்னால் தொங்கவிட்டு, பக்கவாட்டில் வெளிச்சம் கொடுத்து, செங்கல் தூளைச் சுண்டிவிட்டுப் படமெடுத்து, தீயைப் போலவே காட்சியோடு கூட்டினால் குண்டு தெறிப்பு தயார். வெள்ளைத் தூசிக்குக் கல்மாவில் செய்த கோலப்பொடி நல்லது. அரிசி மாவோ மைதாவோ வேண்டாம். காற்றில் பரவிய மாவு சிறு நெருப்பிலும் வெடிக்கும்.

கேமரா அசைந்தால், ஒட்டியது கூடவே அசைய வேண்டும். இதற்கு டிராக்கிங். மென்பொருள் ஒரு சிறு சதுரத்தை எடுத்துக்கொண்டு, அடுத்த ஃபிரேமில் அதே வடிவம் எங்கே போனது என்று தேடும். வெறும் சுவரில் எங்கு பார்த்தாலும் ஒன்றே, கோட்டின் மேல் வைத்தால் கோடு நெடுக வழுக்கும், மூலைகளில்தான் பிடிமானம் கிடைக்கும். இலவச மென்பொருளான பிளெண்டரில் 2011 முதலே இந்த வசதி உண்டு. எடுக்கும்போது, கை நடுக்கத்தைச் சரிசெய்யும் போனின் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு ஃபிரேமையும் நெளித்துவிடுவதால், கேமரா எப்படி நகர்ந்தது என்ற கணக்கே குழம்பிப்போகும்.

நடிகருக்குப் பின்னால் பச்சைத் துணி கட்டி எடுத்து, பிறகு பச்சையை நீக்கி வேறு பின்னணி வைக்கும் பச்சைத் திரையை மட்டும் முதல் படத்தில் தவிர்க்கச் சொல்வேன். போன் வீடியோ சாதாரணமாக நிறத்தைக் கால்வாசிப் புள்ளிகளுக்கே சேமிக்கிறது: 1920-க்கு 1080 படத்தில் நிறத்துக்குக் கிடைப்பது 960-க்கு 540. தலைமுடி ஓரத்தில் பச்சையைப் பிரிக்கத் தேவையான தகவலே கோப்பில் இருக்காது. தீ, தூசி, பொறி எல்லாம் கூட்டலில் முடிந்துவிடுவதால், அவற்றுக்கு இந்தத் தொல்லை கிடையாது.