தாகத்தில் மரம் எழுப்பும் ஓசை

1966-இல் மில்பர்ன், ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆமணக்கு இலை ஒன்றின் காம்பில் நுண்ணிய அதிர்வுணரியைப் பொருத்தினார்கள். இலையை வாடவிட்டுக் காத்திருந்தார்கள். சிறிது நேரத்தில் 'டிக்' என்று ஓர் ஓசை. கொஞ்சம் கழித்து இன்னொன்று. இலை வாட வாட ஓசைகள் பெருகின. காம்புக்குத் தண்ணீர் காட்டியதும் அடங்கின. ஒவ்வொரு 'டிக்'கும் செடிக்குள் ஒரு தண்ணீர் இழை அறுந்த ஓசை. வறட்சியில் நிற்கும் மரங்களுக்குள்ளும் இதுவேதான் நடக்கிறது. அங்கே அது பெரும்பாலும் நம் காதுக்கு எட்டாத மீயொலி என்பதால், கருவி வைத்தால்தான் கேட்கும்.

காட்டின் நலம் பற்றிப் பேச இந்த ஓசையிலிருந்து தொடங்குவதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. எத்தனை மரம் நட்டோம், எத்தனை ஹெக்டேர் பச்சையாக இருக்கிறது என்ற கணக்குகள் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. நிற்கும் மரத்துக்குக் குடிக்கக் கிடைக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு.

மரத்துக்குள் பம்பு எதுவும் இல்லை. உறிஞ்சி இழுக்கும் பம்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரைத் தூக்காது. காற்றழுத்தத்தால் தாங்க முடிந்த உயரம் அவ்வளவுதான். ஆனால் கலிஃபோர்னியக் கடலோரத்து ரெட்வுட் மரங்களில் மிக உயர்ந்தது 115 மீட்டரையும் தாண்டி நிற்கிறது. அதன் உச்சி இலைக்கும் தண்ணீர் போய்ச் சேர்கிறது. எப்படி என்பதற்கு 1894-இல் டிக்சனும் ஜோலியும் சொன்ன விளக்கம் இன்றும் நிற்கிறது: தண்ணீரை யாரும் கீழிருந்து தள்ளுவதில்லை, மேலிருந்து இழுக்கிறார்கள். இழுப்பது வெயிலும் காற்றும். இலைத்துளை வழியே நீர் ஆவியாகும்போது, பின்னால் இருக்கும் நீர் அந்த இடத்துக்கு நகர்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று விடாமல் பற்றிக்கொண்டிருப்பதால் இலையிலிருந்து வேர் நுனி வரை நீர் ஒரே கயிறாக மேலேறுகிறது. இந்தக் கயிறு ஓடுவது மரத்தின் வெளிப்பகுதியில், தச்சர்கள் 'வெள்ளை' என்று ஒதுக்கும் இளம் பகுதியில். அவர்கள் விரும்பித் தேடும் சேகு, அதாவது நடுவில் உள்ள வைரம் பாய்ந்த பகுதி, வெகுநாளுக்கு முன்பே தண்ணீர் கடத்துவதை நிறுத்திவிட்ட பகுதி.

சாதாரண வெயில் நாளிலேயே இந்தக் கயிற்றின் இழுவிசை காற்றழுத்தத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் போய்விடும். கார் டயருக்குள் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் அதே அளவுகோலில் இரண்டு மடங்கு சொச்சம்தான். மண் காயக் காய வேர் இன்னும் வலித்து இழுக்க வேண்டும். கயிறு இன்னும் விறைக்கும். ஒரு கட்டத்தில், நீர் ஏறும் நுண்ணிய குழலின் சுவரில் உள்ள நுண்துளை வழியாக ஒரு துளி காற்று உள்ளே புகுந்துவிடும். குமிழ் விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும். அதுதான் அந்த 'டிக்'. பத்து குழல் போனால் மரம் தாங்கும். பாதிக்கு மேல் போய்விட்டால் பல ஊசியிலை மரங்களுக்கு மீட்சி அரிது.

தண்ணீரை மிச்சம் பிடிக்க இலைத்துளைகளை மூடிவிடலாமே என்றால், அங்கேயும் ஒரு சிக்கல். கரியமில வாயு உள்ளே வருவதும் அதே துளை வழியாகத்தான். மூடினால் சமையல் நின்றது. சேமித்து வைத்த சர்க்கரையைத் தின்றுதான் மரம் நாள்களைக் கடத்த வேண்டும். தாகத்தால் சாவதா, பசியால் சாவதா என்ற நிலை. 81 இடங்களைச் சேர்ந்த 226 மர இனங்களை ஒப்பிட்ட ஆய்வு 2012-இல் வெளிவந்தது. அவற்றில் ஏறத்தாழ 70 விழுக்காட்டு இனங்கள் குழல் அறுபடும் எல்லைக்கு மிக அருகிலேயே அன்றாடம் வாழ்கின்றன என்று அது காட்டியது. மழைக்காடு, வறண்ட காடு என்ற வேறுபாடு அதில் பெரிதாக இல்லை. ஒவ்வோர் இனமும் தன் இடத்து மழைக்கு ஏற்ப, கொஞ்சமும் வீணாக்காமல் உடலை அமைத்துக்கொண்டிருக்கிறது. அந்த மழையும் வெப்பமும் மாறினால் தாங்குவதற்குக் கையிருப்பு இல்லை.

மாறிக்கொண்டிருப்பது முதலில் வெப்பம். வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏந்தக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடுகிறது. அதாவது காற்றின் தாகம் கூடுகிறது. மழை ஒரு மில்லிமீட்டரும் குறையாவிட்டாலும், சூடேறிய காற்று இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் முன்னைவிட அதிகமாக உறிஞ்சிவிடும். பழைய மழை அளவைக் காட்டி "இங்கே வறட்சியே இல்லையே" என்று சொல்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

தாகத்தில் தளர்ந்த மரத்தைத் தேடி வருபவை பட்டை வண்டுகள். வட அமெரிக்காவின் மலைப் பைன் வண்டு ஓர் அரிசி அளவுதான், 5 மில்லிமீட்டர். பெண் வண்டு பட்டையைத் துளைத்து உள்ளே போகிறது. நலமான பைன் மரம் அந்தத் துளைக்குள் பிசினைப் பீச்சியடிக்கும். வண்டு பிசினில் சிக்கி வெளியே தள்ளப்படும். பட்டையின்மேல் சோளப்பொரி போல வெளுத்த பிசின் உருண்டை ஒன்று உறைந்து நிற்கும். அதைக் கிள்ளிப் பார்த்தால் நடுவில் வண்டு செத்துக் கிடக்கும். பிசின் செய்யச் சர்க்கரை வேண்டும், பீச்சியடிக்க உள்ளழுத்தம் வேண்டும். வறட்சியில் மரத்திடம் இரண்டும் இல்லை. துளைத்த இடத்தில் மரத்தூள் மட்டும் உதிரும். வண்டு மணம் பரப்பித் தன் கூட்டத்தை அழைக்கும். அவை சுமந்து வரும் பூஞ்சை 'வெள்ளை'ப் பகுதியை நீலமாக்கி, மிச்சமிருக்கும் குழல்களையும் அடைத்துவிடும். அடுத்த கோடையில் மரம் முழுவதும் செந்நிறம்.

கடுங்குளிர் இந்த வண்டுகளுக்கு வேலியாக இருந்தது. குளிர்காலத்தின் நடுவில் மைனஸ் 40 டிகிரி வரை போனால்தான் பட்டைக்குள் ஒடுங்கிய புழுக்கள் கூட்டமாகச் சாகும். அப்படிப்பட்ட குளிர் அரிதானதும், 1990களின் பிற்பகுதியிலிருந்து கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வண்டுகள் பரவிய நிலப்பரப்பு சுமார் 1.8 கோடி ஹெக்டேர். கரியமில வாயுவை உறிஞ்சி வந்த காடு, மடிந்த மரங்கள் மக்கியதால் அதை வெளிவிடும் காடாக மாறியது.

கலிஃபோர்னியாவில் 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியையொட்டி ஏறத்தாழ 13 கோடி மரங்கள் மடிந்தன. வெப்பம், வறட்சி, வண்டு மூன்றுக்கும் அதில் பங்கு உண்டு. நான்காவது காரணம் ஒன்றும் உண்டு: சியரா நெவாடாவின் மலைச்சரிவுகளில் பல இடங்களில் அந்த மண்ணால் தாகம் தீர்க்க முடியாத அளவுக்கு மரங்கள் நெருங்கி நின்றன.

ஏன் அவ்வளவு நெருக்கம்? பழைய பாண்டரோசா பைன் ஒன்றின் அடிக்கட்டையைப் பாருங்கள். ஆண்டு வளையங்களுக்கு நடுவே ஆங்காங்கே கருகிய தழும்பு. அதன்மேல் மரம் உதடு மூடுவது போலப் புது வளையங்களை வளர்த்துக் காயத்தை ஆற்றியிருக்கும். பிறகு இன்னொரு தழும்பு. எண்ணினால் பெரும்பாலும் ஐந்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு ஒரு தீ ஓடியிருப்பது தெரியும். சில மின்னல் வைத்தவை. பல அங்கே வாழ்ந்த தொல்குடிகள் அறிந்தே வைத்தவை. அந்தத் தீ சருகையும் கன்றுகளையும் தின்றுவிட்டுப் போகும். தடித்த பட்டை உள்ள பெரிய மரத்தை ஒன்றும் செய்யாது. வெளிப்பக்கத்துக்கு வந்தால், கடைசி நூறு ஆண்டுகளின் வளையங்களில் தழும்பே இருக்காது. அந்த வளையங்கள் மயிரிழை போல மெலிந்தும் போயிருக்கும், சுற்றிலும் முளைத்தவை தண்ணீரைப் பங்குபோட்டுக்கொண்டதால்.

1910-இல் அமெரிக்காவின் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் இரண்டே நாளில் சுமார் 12 லட்சம் ஹெக்டேர் எரிந்து, 80-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த அதிர்ச்சியில் தீ என்றாலே பகை என்றாயிற்று. 1935-இல், கண்ணில் பட்ட எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்க வேண்டும் என்று அந்நாட்டு வனத்துறை விதியே வகுத்தது. நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் எரியாமல் தப்பிய சருகு எங்கும் போய்விடவில்லை. முழங்கால் உயரத்துக்குச் சேர்ந்தது. கன்றுகள் பெரிய மரத்தின் கிளைகளைத் தொடுமளவு வளர்ந்து, தரைத்தீ உச்சிக்கு ஏறுவதற்கு ஏணியாக நின்றன. 2020, 2021 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சியரா நெவாடாவின் பெரிய சீக்வோயா மரங்களில் 13 முதல் 19 விழுக்காடு வரை அழிந்தன. சீக்வோயா தீயோடு பழகிய மரம். அதன் காய்கள் விரிந்து விதை உதிரவே தீயின் சூடு உதவ வேண்டும். ஆயிரம் ஆண்டுகளும் அதற்கு மேலும் எத்தனையோ தீயைப் பார்த்து நின்றவற்றை இந்தத் தீ கொன்றுவிட்டது. இதை எழுதும்போதே மனம் கனக்கிறது.

நாற்று நெருங்கி முளைத்தால் கலைத்துவிட வேண்டும் என்பது பயிர் வைத்தவர் எவருக்கும் தெரியும். காட்டிலும் அதையேதான் செய்கிறார்கள். மரத்தை வெட்டிக் காட்டைக் காப்பதா என்று மனம் முதலில் ஒப்பாது, எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் எதை வெட்டுகிறார்கள், எதை விடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போக வேண்டியவை அடியில் நெருங்கி நிற்கும் மெலிந்த மரங்கள். நிற்க வேண்டியவை முதியவை, தடித்த பட்டை உள்ளவை, வறட்சி தாங்கும் இனங்கள். தோப்பு போல அளந்து இடைவெளி விடுவதும் கிடையாது: இங்கே ஐந்தாறு மரம் கூட்டமாக, அங்கே வெட்டவெளியாக. வெளியில் விழும் பனியும் மழையும் இலையில் தங்கி ஆவியாகாமல் நேரே மண்ணுக்குப் போகும். மிஞ்சிய மரம் தண்ணீர் குடித்து, பிசின் ஊறி, வண்டை எதிர்க்கும். இடைவெளியில் காற்று புகுவதால் வண்டுகளின் அழைப்பு மணமும் கலைந்துவிடும்.

வெட்டியதோடு நின்றால் பாதி வேலைதான். கழித்த கிளைகளைத் தரையில் விட்டால் அதுவே விறகு. அதனால் காற்றும் ஈரமும் சரியாக அமைந்த நாளில், தீ தாண்டாதபடி முன்கூட்டியே தீக்கோடு வெட்டி, சரிவின் மேலிருந்து கீழ்நோக்கி, காற்றுக்கு எதிராகத் தீ வைக்கிறார்கள். அப்படி வைத்த தீ மெல்ல ஊர்ந்துதான் இறங்கும். அதற்கு முன்பு, முது மரங்களின் அடியில் பல்லாண்டு சேர்ந்த சருகு மெத்தையை வாரியால் வழித்து அப்புறப்படுத்துகிறார்கள். அந்த மெத்தை நாள்கணக்கில் கனன்றால் மேலே சுடர் இல்லாமலே வேர் வெந்துவிடும். யோசெமிட்டி தேசியப் பூங்காவின் மரிபோசா சீக்வோயாத் தோப்பில் 1970களிலிருந்து இப்படி எரித்து வந்தார்கள். 2022 ஜூலையில் காட்டுத்தீ அந்தத் தோப்பை எட்டியபோது அங்கே அதற்குத் தின்னக் கிடைத்தது கொஞ்சம்தான். பெரிய சீக்வோயாக்கள் பிழைத்தன.

அதே பூங்காவின் இல்லிலுவெட் பள்ளத்தாக்கில் இன்னும் துணிந்து, 1970களின் முற்பகுதி முதல் மின்னல் வைத்த தீயைப் பெரும்பாலும் அணைக்காமல் விட்டார்கள். நாற்பது ஆண்டுகளில் மரங்கள் மூடிய பரப்பு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஈரப் புல்வெளிகள் பெருகின. பல இடங்களில் மண் முன்னைவிட ஈரமாக இருந்தது. சுற்றுவட்டாரமெங்கும் மரங்கள் மடிந்த வறட்சிக் காலத்தில் இங்கே மடிந்தவை மிகக் குறைவு.

இதை எல்லாக் காட்டுக்கும் மருந்தாகக் கொண்டுபோனால் கேடுதான் விளையும். அமேசான் போன்ற ஈரக்காட்டில் மரப்பட்டை மெல்லியது. முழங்கால் உயரத் தீயே பெரிய மரத்தைக் கொல்லும். அங்கே மரங்கள் விடும் நீராவிதான் காற்றோடு போய் அடுத்த பகுதிக்கு மழையாகிறது. மர உச்சிகள் நெருங்கிக் கூரை போல மூடிய கவிகையே அதன் ஈரத்தைக் காக்கிறது. அதைக் கலைத்தால் ஓரங்கள் காய்ந்து, இதுவரை எரியாத காடு எரியத் தொடங்கும். அங்கே செய்ய வேண்டியது வெட்டாமல், சாலை போட்டுத் துண்டாடாமல் விட்டுவிடுவது. கலைத்துவிடுதல் என்ற பெயரில் விலைபோகும் பெருமரங்களைச் சாய்ப்பது எங்கே நடந்தாலும் அது வியாபாரம். பராமரிப்பு என்று அதை ஒப்புக்கொள்ளக் கூடாது.

இத்தனை செய்தாலும், நிற்கும் இனமே வரப்போகும் வெப்பத்துக்கு ஒவ்வாததாக இருந்தால் என்ன செய்வது? மரத்தால் நடந்துபோக முடியாது. விதை மட்டுமே போகும், அதுவும் தலைமுறைக்குச் சிறிது தூரம். அந்த இனத்துக்கு ஏற்ற வெப்பநிலை நிலவும் எல்லைகள் அதைவிட வேகமாக நகர்கின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2009-இல் தொடங்கிய ஒரு நடவுச் சோதனையில், தெற்கேயும் தாழ்விடத்திலும் சேகரித்த விதைகளின் கன்றுகளைக் குளிர்ந்த இடங்களிலும் ஊன்றி, எது தழைக்கிறது என்று அளந்து வருகிறார்கள். வெப்பத்துக்குப் பழகிய கன்று இன்றைய பனியில் கருகலாம். இன்றைய பனிக்குப் பழகியது, வளர்ந்து முதிரும்போது வரும் கோடையில் குழல் அறுந்து நிற்கலாம். ஒரே கன்று இரண்டு தட்பவெப்பத்தையும் கடந்தாக வேண்டும். அதனால் ஒரே மலையில் பல இடத்து விதைகளைக் கலந்து ஊன்றி, ஒவ்வோர் அடிமரத்தின் பருமனையும் எழுதி வைக்கிறார்கள். அந்தக் கன்றுகள் முதிர இன்னும் அறுபது, எழுபது ஆண்டுகள் ஆகும்.