தேர்வில் தேறிய பிறகு வரும் தலைவலி

2019 ஆகஸ்ட் 17. லார்ட்ஸில் ஆஷஸ் தொடரின் இரண்டாவது டெஸ்ட், நான்காம் நாள். 80 ரன்னில் ஆடிக்கொண்டிருந்த ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தை ஜோஃப்ரா ஆர்ச்சரின் பவுன்சர் தாக்கியது. வேகம் மணிக்கு ஏறத்தாழ 148 கிலோமீட்டர். ஸ்மித் அப்படியே தரையில் சாய்ந்தார். உள்ளே அழைத்துப் போய் கன்கஷனுக்கான, அதாவது தலை உலுக்கப்பட்டு மூளைக்கு ஏற்படும் பாதிப்புக்கான, சோதனைகள் செய்தார்கள். எல்லாவற்றிலும் தேறினார். முக்கால் மணி நேரத்துக்குள் மறுபடி மட்டையோடு களத்தில் நின்றார். 92 ரன்னில், ஸ்டம்புக்கு நேராக வந்த பந்தை ஆடாமல் விட்டு எல்பிடபிள்யூ ஆனார். மறுநாள் காலை எழுந்தால் தலைவலி, மந்தம். திரும்பச் சோதித்தபோது முடிவு வேறாக இருந்தது. ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார், அடுத்த டெஸ்டிலும் ஆடவில்லை.

மருத்துவர் கவனக்குறைவாக இருந்துவிட்டார் என்று சொல்வது எளிது. ஆனால் இந்தக் காயத்தின் இயல்பே அப்படி. அடி விழுவது ஒரு நொடியில். மூளைக்குள் அதன் விளைவு முழுதாக வெளிப்பட மணிக்கணக்கில் ஆகலாம், சிலருக்கு ஒன்றிரண்டு நாள்கூட ஆகும்.

சுமார் 1.4 கிலோ எடையுள்ள மூளை, மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. தலை சட்டென்று திரும்பும்போது மண்டையோடு முதலில் திரும்பிவிடும், மூளை ஒரு கணம் பிந்தும். அந்தக் கணத்தில் மூளையின் பகுதிகள் ஒன்றுக்கொன்று இழுபட்டு, நரம்பு செல்களின் நீண்ட இழைகள் முறுகுகின்றன. அதனால் தலையில்தான் அடிபட வேண்டும் என்பதில்லை. கழுத்திலோ நெஞ்சிலோ விழும் அடி தலையை உலுக்கினாலே போதும். ஹெல்மெட் பெரிதாக உதவாததற்கும் இதுவே காரணம். மண்டை உடையாமல் அது காக்கும். உள்ளே மூளை சுழல்வதை அதனால் நிறுத்த முடியாது.

இழை முறுகும்போது செல்லின் சுவர் கசிகிறது. உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே போகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறிக் கொட்டி, பக்கத்து செல்களையும் கிளறிவிடுகிறது. இதையெல்லாம் பழைய நிலைக்குக் கொண்டுவர செல்லின் அயனி பம்புகள் முழு வேகத்தில் ஓட வேண்டும். அதற்கு ஏராளமான குளுக்கோஸ் வேண்டும். ஆனால் அதே சமயத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. கோடைக்காலத்தில் ஊரே ஒரே நேரத்தில் மோட்டார் போட, மின்சாரம் லோ வோல்டேஜில் திணறுமே, அந்த நிலைதான். உள்ளே புகுந்த கால்சியம் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவையும் முடக்க, தட்டுப்பாடு நாள்கணக்கில் நீள்கிறது. தலைவலி, வெளிச்சம் பார்த்தால் கூசுவது, யோசிப்பதில் தாமதம், எரிச்சல், தூக்கக் கோளாறு எல்லாம் இந்தத் தட்டுப்பாட்டோடு தொடர்புள்ளவை.

சிடி ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் எல்லாம் நன்றாகவே தெரியும். உடைப்பையும் ரத்தக் கசிவையும்தான் ஸ்கேன் காட்டும். செல் பசியோடு இருப்பதைக் காட்டாது. ‘ஸ்கேன் நார்மல், அதனால் ஒன்றுமில்லை’ என்பது நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தப்புக்கணக்கு. மயக்கம் வந்தால்தான் கன்கஷன் என்பதும் அப்படியே. கன்கஷன் ஆனவர்களில் பத்தில் ஒருவர்கூட மயங்கி விழுவதில்லை.

அப்படியானால் களத்தில் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? ‘இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம்? கடைசியாக யார் கோல் போட்டார்? போன வாரம் யாரோடு ஆடினோம்?’ என்கிற மாதிரி கேள்விகள் முதலில் வரும். இவை ஆஸ்திரேலியாவில் உருவான மேடாக்ஸ் கேள்விகள். இன்று என்ன தேதி என்று கேட்பதைவிட இவை கூர்மையானவை, ஏனென்றால் புது நினைவுகள்தான் முதலில் தடுமாறும். அப்புறம் ஓய்வறையில் ஸ்காட்-6 என்ற விரிவான சோதனை. 22 அறிகுறிகளுக்குப் பூஜ்யம் முதல் 6 வரை மதிப்பெண், பத்துச் சொற்களைக் கேட்டுச் சிறிது நேரம் கழித்துத் திருப்பிச் சொல்வது, மாதங்களைப் பின்னாலிருந்து சொல்வது, ஒற்றைக்காலில் கண்மூடி நிற்பது. அவசரமில்லாமல் செய்தால் 10 முதல் 15 நிமிடமாவது பிடிக்கும்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. அறிகுறிகளைச் சொல்ல வேண்டியவர் ஆட்டக்காரர். அவருக்கோ ஆட வேண்டும் என்ற வெறி. ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்பார். பொய் சொல்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது, தன் நிலையை எடைபோட வேண்டிய உறுப்பே அடிபட்டிருக்கிறது.

ஆகவே முடிவை ஆட்டக்காரரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும் விதியும் ஒரு வகைச் சிகிச்சைதான். 2019 ஆகஸ்ட் முதல் தேதி, சர்வதேச கிரிக்கெட்டை நடத்தும் ஐசிசி, கன்கஷன் ஆனவருக்குப் பதில் இன்னொருவரை இறக்கும் மாற்று ஆட்டக்காரர் விதியைக் கொண்டுவந்தது. அதற்கு முன் அடிபட்டவரை வெளியேற்றினால் மட்டை பிடிக்கவும் பந்து வீசவும் அணிக்கு ஓர் ஆள் குறையும். எந்த மருத்துவருக்கும் அது நெருக்கடி. லார்ட்ஸில் ஸ்மித்துக்குப் பதிலாக இறங்கிய மார்னஸ் லபுஷேன்தான் டெஸ்ட் வரலாற்றின் முதல் கன்கஷன் மாற்று வீரர். 2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட, அவருக்குப் பதில் வந்த சாஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனபோது ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் கொதித்தார். விதியைச் சிலர் தந்திரமாகப் பயன்படுத்தலாம்தான். என்னைக் கேட்டால், அந்த நஷ்டம் பொறுத்துக்கொள்ளக் கூடியது.

இதற்கென்று தனி மருந்து கிடையாது. வலிக்குப் பாராசிட்டமால் போதும். ரத்தக் கசிவு இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம். ஒரு காலத்தில் இருட்டறையில் படுக்கவைத்து, அறிகுறிகள் எல்லாம் போகும் வரை அசையாதே என்பார்கள். அது மாறிவிட்டது. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ நிபுணர்களின் பரிந்துரை: முதல் 24 முதல் 48 மணி நேரம் அன்றாட வேலைகளோடு நிற்கும் அளவான ஓய்வு, செல்போன் திரையைக் குறைப்பது. அதன் பிறகு நடை, நிலைச் சைக்கிள் என்று லேசான பயிற்சி. இப்படி மெல்ல இயங்குபவர்கள் சும்மா படுத்திருப்பவர்களைவிடச் சீக்கிரம் தேறுகிறார்கள். பயிற்சியில் தலைவலி கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. வலியைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிட்டு, இருந்ததைவிட இரண்டு புள்ளிக்கு மேல் ஏறினால் நிறுத்திவிட்டு மறுநாள் பார்க்க வேண்டும். ஆட்டத்துக்குத் திரும்ப மொத்தம் ஆறு படிகள், படிக்கு ஒரு நாளாவது. தலையில் அடிபட வாய்ப்புள்ள பயிற்சிக்குள் நுழையும் முன் அறிகுறிகள் முழுதாகப் போயிருக்க வேண்டும், மருத்துவரின் ஒப்புதலும் வேண்டும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வாரம். பிள்ளைகளுக்கு நான்கு வாரம்வரை ஆகலாம். பிள்ளைகள் முதலில் வகுப்புக்குத் திரும்ப வேண்டும், மைதானம் அப்புறம்தான்.

அவசரப்பட்டு இறங்கினால் என்ன? ஆற்றல் தட்டுப்பாட்டில் இருக்கும் மூளை இன்னோர் அடியைத் தாங்காது. லேசான அடிகூட அறிகுறிகளை மாதக்கணக்கில் இழுத்துவிடும். அபூர்வமாக, குறிப்பாக இளம் வயதினரிடம், மூளையின் ரத்த ஓட்டக் கட்டுப்பாடே குலைந்து வீக்கம் ஏற்பட்டு உயிர் போயிருக்கிறது.

ஊர்த் திருவிழாக் கபடியிலும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டிலும் மருத்துவர் யார் இருக்கப் போகிறார்கள்? இரண்டு தலைகள் மோதிக்கொண்டால் முகத்தில் தண்ணீர் தெளித்து, ‘ஒன்னுமில்ல, ஆடு’ என்பதுதான் வழக்கம். சந்தேகம் வந்தாலே அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இதற்குப் படிப்பு எதுவும் தேவையில்லை. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கை கால் மரத்துப்போவது, எழுப்பினாலும் எழாத தூக்கம், கண்பாவைகளில் ஒன்று பெரிதாகத் தெரிவது, கடுமையான கழுத்துவலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். இவை இல்லாவிட்டாலும் ஒரு மருத்துவர் பார்ப்பது நல்லது, முதல் சில மணி நேரம் தனியே விடக் கூடாது. அப்புறம் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்டவர் தானே பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவார்.