கட்டைவிரல் மட்டும் தூங்காத ராத்திரி

ராத்திரி 2 மணி. குளிக்கத் தெம்பில்லை, நண்பன் கூப்பிட்டால் எடுத்துப் பேசத் தெம்பில்லை. ஆனால் கட்டைவிரல் மட்டும் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. எதைப் பார்த்தும் சிரிப்பு வரவில்லை. "பிடிக்கலைன்னா எதுக்குப் பார்க்கிற?" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான்.

ஒன்றை வேண்டுவதும் அதை ரசிப்பதும் மூளைக்கு வெவ்வேறு வேலைகள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ் இதை எலிகளிடம் பார்த்தார். மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் ஏறக்குறைய வற்றிப்போன எலி, எதிரே இருக்கும் தீனியைக்கூடத் தேடிப் போகாது. ஆனால் அதன் வாயில் இனிப்புத் தண்ணீரை விட்டால் பழையபடி சப்புக்கொட்டும். ஆக, டோபமைனை 'இன்ப ரசாயனம்' என்பது பாதிப் பொய். அது முக்கியமாக 'போய் எடு' என்கிற உந்துதல்.

மனச்சோர்வில் இந்த உந்துதல் மங்குகிறது. சின்ன வேலையும் மலையாகத் தெரிகிறது. அப்போது மிச்சமிருப்பதில் மலிவானது ஒரு விரல் அசைவு. அடுத்தது நன்றாக இருக்குமோ என்ற நிச்சயமின்மை அந்த விரலை விடாமல் ஓட்டும். முன்பெல்லாம் பக்கத்தின் அடியில் 'அடுத்து' என்று ஒரு பொத்தான் இருக்கும். 'போதும்' என்று தோன்ற அங்கே அரை நொடி கிடைக்கும். 2006-இல் முடிவில்லாத ஸ்க்ரோலை உருவாக்கிய வடிவமைப்பாளர் அசா ராஸ்கின் அந்த அரை நொடியைத் துடைத்துவிட்டார். பின்னாளில் அதற்காக வருந்தவும் செய்தார்.

இதனால் போன்தான் நோயைக் கொண்டுவந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சோர்ந்தவர்தான் போனைத் தேடுகிறார் என்பதும் உண்டு.

அதே போனை வேறு மாதிரியும் பழக்கலாம். மனச்சோர்வுக்காக 1970-களில் உளவியலாளர் பீட்டர் லூயின்சன் வளர்த்தெடுத்த சிகிச்சை முறை, மனசு சரியாகட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருப்பதில்லை. செயல் முன்னே, மனசு பின்னே. ரிமைண்டரில் 'உடற்பயிற்சி' என்று போட்டால் ஸ்வைப் செய்து தள்ளிவிடுவோம். 'காலை 7: துளசிக்கு அரைச் சொம்பு தண்ணீர்' என்று போடுங்கள். ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண் குறித்து வையுங்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ரிமைண்டரை நம்பி உட்கார வேண்டாம்; 14416-ஐ அழையுங்கள். அது டெலி மானஸ், இந்திய அரசின் மனநல உதவி எண்; 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மதிப்பெண் எதற்கு? சோர்ந்த மனசு, எதுவும் உதவவில்லை என்றே நினைவில் வைத்துக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை 2 இருந்தது 3 ஆனதை அது மறந்திருக்கும். போன் மறக்காது.